தங்கத்துக்கு முத்திரை உண்டு, இயந்திரத்துக்கு?

லண்டன் பாண்ட் ஸ்ட்ரீட்டில் ஒரு கைக்கடிகாரம் நம் ஊரில் ஒரு வீட்டின் விலைக்குப் போகிறது. உள்ளே ஓடும் இயந்திரத்தை யார் சோதித்தார்கள், எப்படிச் சோதித்தார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. அந்தக் கேள்வியை உலகுக்குக் கற்றுக்கொடுத்ததே லண்டன்தான்.

1908-ஆம் ஆண்டின் லண்டன். திங்கள்கிழமை காலை. கிரீனிச் குன்றின் மேலுள்ள அரசு வானாய்வகத்தின் வாசலில் ஐம்பது வயதைக் கடந்த ஒரு பெண் நிற்கிறார். பெயர் ரூத் பெல்வில். கைப்பையிலிருந்து ஒரு பாக்கெட் கடிகாரத்தை எடுத்து ஊழியரிடம் கொடுக்கிறார். ஜான் ஆர்னால்டு என்ற லண்டன் கைவினைஞர் 1794-இல் செய்தது அது. முதலில் தங்கக் கூட்டில் இருந்த அதைத் திருடர் கண்ணில் படாமலிருக்க வெள்ளிக் கூட்டுக்கு மாற்றியவர் ரூத்தின் தந்தை. ஊழியர் அதை உள்ளே கொண்டுபோய் ஆய்வகத்தின் தலைமைக் கடிகாரத்தோடு ஒப்பிடுகிறார். திரும்பி வரும்போது கடிகாரத்தோடு ஒரு சான்றுத்தாளும் வருகிறது. ரூத் குன்றிறங்கி நகரத்துக்குள் போகிறார். கடிகாரக் கடைகளும் வணிக நிறுவனங்களும் அவருக்காகக் காத்திருக்கின்றன. அந்தக் கடிகாரத்தைப் பார்த்துத் தங்கள் கடிகாரங்களைச் சரிசெய்துகொள்ள அவர்கள் ஆண்டுச் சந்தா கட்டியிருக்கிறார்கள். 1836-இல் தந்தை தொடங்கிய இந்தத் தொழிலை மகள் 1940 வரை நடத்தினார்.

அந்தச் சான்றுத்தாளைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். கடிகாரம் மிகச் சரியாக ஓடுகிறது என்று அது சொல்லவில்லை. இன்று இவ்வளவு முந்தி ஓடுகிறது அல்லது பிந்தி ஓடுகிறது என்று, நொடிக்கும் கீழான கணக்கில், பிழையைத்தான் சொன்னது. நூறாண்டைக் கடந்த ஓர் இயந்திரத்தின் பிழையை அறிந்துகொள்ள லண்டன் வணிகர்கள் காசு கொடுத்தார்கள். பிழை நாளுக்கு நாள் தாறுமாறாக மாறாது என்ற உறுதி இருந்தால், அந்தப் பிழையைக் கழித்துச் சரியான நேரத்தைப் பெற்றுவிடலாம் என்பது அவர்களுக்குத் தெரியும். உயர்ரக மெக்கானிக்கல் கடிகாரத்தின் தொழில்நுட்பத் தரத்தை அளக்கும் கோல் இதுதான்: இயந்திரம் எவ்வளவு தவறுகிறது என்பதைவிட, எவ்வளவு சீராகத் தவறுகிறது என்பது முக்கியம். அந்தச் சீரை விற்பவர் அல்லாத வேறொருவர் அளந்து, எண்களை வாங்குபவர் கையில் கொடுக்க வேண்டும். லண்டன் ஒருகாலத்தில் இதைச் செய்தது. இன்று பல லட்சம் ரூபாய் கொடுப்பவருக்குக்கூடப் பெரும்பாலும் இது கிடைப்பதில்லை.

லண்டனில் ஒரு கிராமுக்கு மேற்பட்ட தங்க நகையைத் தங்கம் என்று சொல்லி விற்க, 1973-ஆம் ஆண்டின் ஹால்மார்க் சட்டப்படி சுதந்திரமான சோதனைச் சாலையின் முத்திரை வேண்டும். கோல்ட்ஸ்மித்ஸ் ஹாலில் அந்த வேலை பல நூற்றாண்டுகளாக நடக்கிறது. இந்தியாவிலும் 2021 முதல் தங்க நகைக்கு ஹால்மார்க் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டு வருகிறது. நகைக்கடையில் முத்திரையைப் பார்க்காமல் நம் வீட்டுப் பெண்கள் ஒரு குண்டுமணி தங்கம் வாங்குவதில்லை. அதே குடும்பம் அந்தத் தங்கத்தைவிடப் பல மடங்கு விலையுள்ள கைக்கடிகாரத்தை வாங்கும்போது, கூட்டின் உலோகத்துக்கு முத்திரை தேடுகிறது. கூட்டுக்குள் இருக்கும் இயந்திரத்துக்கு விளம்பரத்தின் வார்த்தையை ஏற்றுக்கொள்கிறது.

எண்களில் ஒரு கடிகாரம்
• ஒரு நாளுக்கு 86,400 வினாடி. நாளுக்கு 5 வினாடி தவறும் கடிகாரத்தின் பிழை, ஒரு லட்சத்தில் ஏறத்தாழ 6 பங்கு.
• இன்றைய கைக்கடிகாரங்கள் பலவற்றில், இருபுறமும் ஊசலாடி ஓட்டத்தை நிர்ணயிக்கும் பேலன்ஸ் சக்கரம் மணிக்கு 28,800 முறை அசைகிறது. நாளுக்கு 6,91,200. ஆண்டுக்கு 25 கோடிக்கு மேல்.
• வெப்ப ஈடு இல்லாத பித்தளைச் சக்கரமும் அதை ஊசலாட்டும் எஃகுச் சுருள்வில்லும் (ஹேர்ஸ்பிரிங்) கொண்ட கடிகாரம், வெப்பம் 1 பாகை செல்சியஸ் கூடினால் நாளுக்குச் சுமார் 11 வினாடி பிந்தும்.

ஹாரிசன் வழக்கு

இந்தக் கோல் ஒரு பெரும் சண்டையில் பிறந்தது. கடலில் கப்பல் எந்தத் தீர்க்கரேகையில் இருக்கிறது என்று அறியும் வழியைக் கண்டுபிடிப்பவருக்கு 20,000 பவுண்டு பரிசு என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1714-இல் சட்டம் இயற்றியது. அரைப் பாகைக்குள் துல்லியம் வேண்டும். நேரக்கணக்கில் அது 2 நிமிடம். யார்க்ஷயரில் பிறந்த தச்சர் மகன் ஜான் ஹாரிசன், சுமார் முப்பது ஆண்டு உழைத்து நான்கு கருவிகள் செய்தார். நான்காவதான எச்4, உள்ளங்கைக்குச் சற்றுப் பெரிய ஒரு கடிகாரம். 1761 நவம்பரில் அவர் மகன் வில்லியம் அதை ஜமைக்காவுக்குக் கொண்டுபோனார். அதன் தினசரி ஓட்டப் பிழையைக் கழித்துப் பார்த்தபோது, பயண முடிவில் மிஞ்சிய வித்தியாசம் சுமார் 5 வினாடி. பரிசுக் குழு ஏற்கவில்லை. தினசரிப் பிழை இவ்வளவு என்று புறப்படும் முன்பே அறிவிக்கவில்லையே என்றது. 1764-இல் பார்படோஸுக்கு இரண்டாம் சோதனை. இம்முறை பிழையை முன்கூட்டியே எழுதிக்கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறினார்கள். 47 நாளில் 39 வினாடி வித்தியாசம். சட்டம் அனுமதித்த அளவில் மூன்றில் ஒரு பங்குதான்.

பிறகும் முழுப் பரிசு கிடைக்கவில்லை. 1766-இல் எச்4 கிரீனிச்சுக்குக் கொண்டுபோகப்பட்டு, அரச வானியலாளர் நெவில் மாஸ்கலைன் மேற்பார்வையில் பத்து மாதம் சோதிக்கப்பட்டது. நாளுக்கு ஏறத்தாழ 20 வினாடி அளவுக்கு அது முந்தி ஓடியது. ஆறு வாரப் பயணத்தில்கூட இதை நம்பித் தீர்க்கரேகை கணிக்க முடியாது என்று 1767-இல் அறிக்கை வெளியானது. ஹாரிசன் கொதித்துப் போனார். கடிகாரத்தின் ஓட்டப் பிழையைக் கணக்கில் கழிப்பதுதானே முறை, அதைச் செய்யாமல் எப்படித் தீர்ப்பு எழுதலாம் என்பது அவர் கேள்வி. கதைகளில் மாஸ்கலைன் வில்லனாகவே வருகிறார். அவர் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. கடிகாரத்தை வெவ்வேறு நிலைகளில் சாய்த்து வைத்தபோதும், குளிரிலும் வெயிலிலும், அதன் ஓட்டம் மாறியதை அவர் பதிவுசெய்தார். கப்பல் ஆடும், பருவம் மாறும். அதைச் சோதிக்காமல் விட முடியாது. இரு தரப்பும் சேர்ந்துதான் நமக்கு முழு இலக்கணத்தைத் தந்தன. நிலையான பிழையைக் கழித்துவிடு என்றார் ஹாரிசன். சூழல் மாறும்போது மாறும் பிழையை அள என்றது மாஸ்கலைனின் சோதனை.

மூன்றாவது பாடம் 1772-இல் வந்தது. ஹாரிசனின் அடுத்த கடிகாரமான எச்5-ஐ மூன்றாம் ஜார்ஜ் மன்னர் ரிச்மண்டிலிருந்த தம் சொந்த வானாய்வகத்தில் வைத்துப் பத்து வாரம் சோதித்தார். தொடக்கத்தில் ஓட்டம் தாறுமாறாக இருந்தது. அருகிலிருந்த அலமாரியில் காந்தக் கற்கள் கிடந்தது நினைவுக்கு வந்து, அவற்றை அகற்றிய பிறகே சீரானது என்பது அக்காலக் குறிப்பு. முடிவில் நாளுக்கு வினாடியில் மூன்றில் ஒரு பங்கு என்ற அளவில் துல்லியம் கிடைத்தது. மறு ஆண்டு நாடாளுமன்றம் ஹாரிசனுக்கு 8,750 பவுண்டு வழங்கியது. செல்போன், ஸ்பீக்கர், கைப்பையின் காந்தக் கொக்கி என்று நம்மைச் சுற்றி இருக்கும் காந்தங்கள் இன்றும் ஹேர்ஸ்பிரிங்கைக் குழப்புகின்றன. அந்த எதிரியை முதலில் அடையாளம் கண்ட இடங்களில் ஒன்று லண்டனை ஒட்டிய இந்த அரச மாளிகைத் தோட்டம்.

நூறு மதிப்பெண் தேர்வு

சண்டையிலிருந்து ஒரு முறை உருவானது. 19-ஆம் நூற்றாண்டில் கிரீனிச் வானாய்வகம் கடற்படைக்கு வாங்க வேண்டிய குரோனோமீட்டர்களை (கடல் பயணத்துக்கான துல்லியக் கடிகாரங்களை) ஆண்டுதோறும் போட்டிக்கு வைத்தது. வெப்ப அறையிலும் குளிரிலும் மாதக்கணக்கில் ஓடவிட்டு, வாராவாரம் பிழையைக் குறித்தார்கள். அரச வானியலாளர் ஜார்ஜ் ஏரி வகுத்த கணக்கு எளிமையானது: வாரப் பிழைகளில் மிகப் பெரியதற்கும் மிகச் சிறியதற்கும் உள்ள வித்தியாசத்தை எடு, அடுத்தடுத்த இரு வாரங்களுக்கு இடையே நேர்ந்த மிகப் பெரிய மாற்றத்தை இரண்டால் பெருக்கு, இரண்டையும் கூட்டு. எண் குறைவாக வந்தவர் முதலிடம். திடீர் மாற்றத்துக்கு இரட்டைத் தண்டனை. ஏனென்றால் மெல்ல நகரும் பிழையைக் கப்பல் தலைவன் கணித்துவிடலாம், திடீரென்று குதிக்கும் பிழை கப்பலைப் பாறையில் ஏற்றிவிடும். முடிவுகள் தரவரிசையோடு அச்சாயின. யார் முதல், யார் கடைசி என்று ஊரே பார்த்தது.

1884-இல் இந்தத் தேர்வு பாக்கெட் கடிகாரங்களுக்கும் வந்தது. இடம், மூன்றாம் ஜார்ஜ் எச்5-ஐச் சோதித்த அதே ரிச்மண்ட் கட்டடம். அதற்குள் அது கியூ வானாய்வகம் என்று பெயர் மாறியிருந்தது. பின்னாளில் சோதனைகள் டெடிங்டனிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்குப் போயின. 45 நாள், 5 நிலை, 3 வெப்பநிலை, 100 மதிப்பெண். அந்த மதிப்பெண் பங்கீட்டைப் படித்தால், நூற்றாண்டுக்கு முந்தைய அந்த ஆய்வாளர்கள் இன்றைய வாங்குபவரைவிட எவ்வளவு தெளிவாக யோசித்தார்கள் என்பது புரியும்.

கியூ மதிப்பெண் பட்டியல்
• தினசரி ஓட்டம் நாளுக்கு நாள் மாறாமல் இருந்தால்: 40
• படுத்த நிலை, நிமிர்ந்த நிலை என்று வைப்பு மாறும்போது ஓட்டம் மாறாமல் இருந்தால்: 40
• வெப்பம் மாறும்போது ஓட்டம் மாறாமல் இருந்தால்: 20
• 80-க்கு மேல் எடுத்தால் 'மிகச் சிறப்பு' என்ற குறிப்பு சான்றிதழில் சேரும்.
• 1936-இல் ஒமேகா கடிகாரம் ஒன்று பெற்றது: 97.8

மூன்று வரிகளிலும் மாறாமை ஒன்றே அளவுகோல். பிழை பூஜ்யத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதற்கு அந்த நூறில் தனி மதிப்பெண் இல்லை. கூட்டின் உலோகத்துக்கும் இயந்திரத் தட்டின் மெருகுக்கும் தயாரிப்பாளரின் பெயருக்கும் அந்தப் பட்டியலில் இடமே இல்லை. இதன் பலனை அடைந்தவர்கள் புதியவர்கள். லண்டனில் 1905-இல் தொடங்கிய ஒரு சிறு நிறுவனத்தின் கைக்கடிகாரம் 1914 ஜூலையில் கியூவின் 'ஏ' வகுப்புச் சான்றிதழைப் பெற்றது. கைக்கடிகாரம் பெண்களின் நகை, அதனால் நேரம் காட்ட முடியாது என்று தொழிலே நம்பிய காலம் அது. ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப் நடத்திய அந்த நிறுவனத்தின் பெயர் ரோலக்ஸ். 1968-இல் ஜெனிவா வானாய்வகப் போட்டியில் ஜப்பானின் சீகோ மெக்கானிக்கல் கடிகாரங்கள் முன்வரிசை இடங்களைப் பிடித்ததும் இதே வகை. பொதுவில் நடக்கும் தேர்வு பழைய பெயரைப் பார்ப்பதில்லை, விடைத்தாளைத்தான் பார்க்கிறது.

மைக்ரோஃபோன் சொல்லும் சேதி

இன்று லண்டன் ஹாட்டன் கார்டனிலோ சென்னை மவுன்ட் ரோட்டிலோ நல்ல வாட்ச் ரிப்பேர்காரரின் மேசையில் டைம்கிராஃபர் என்ற கருவி இருக்கும். கடிகாரத்தை அதன் மைக்ரோஃபோன் மேல் பொருத்தினால், டிக் டிக் ஒலியைக் கேட்டு மூன்று எண்களைத் திரையில் காட்டும். முதலாவது, இப்போதைய வேகத்தில் போனால் நாளுக்கு எத்தனை வினாடி முந்தும் அல்லது பிந்தும் என்ற கணக்கு. இரண்டாவது வீச்சு. பேலன்ஸ் சக்கரம் ஒரு பக்கமாக எத்தனை பாகை சுழன்று திரும்புகிறது என்பது அது. முழுச் சாவி கொடுத்து முகம் மேலாகப் படுக்க வைத்தால், நல்ல நிலையிலுள்ள இயந்திரம் பொதுவாக 270 முதல் 310 பாகை காட்டும். மூன்றாவது, டிக்கும் டாக்கும் சம இடைவெளியில் விழுகின்றனவா என்பதை மில்லி வினாடியில் காட்டுவது. கருவிக்கு, பேலன்ஸ் சக்கரத்துக்கு விசையை விட்டுவிட்டுக் கொடுக்கும் எஸ்கேப்மென்டின் தூக்குக் கோணத்தை முன்கூட்டிச் சொல்ல வேண்டும். பல சுவிஸ் இயந்திரங்களுக்கு அது 52 பாகை, ஒமேகாவின் கோ-ஆக்சியல் வகைக்கு 38. தவறான கோணத்தைக் கொடுத்தால் நோயில்லாத இயந்திரம் நோயாளியாகத் தெரியும். நோயாளி நலமாகத் தெரிவான்.

விற்பனையாளர்கள் இந்தத் திரையை ஒரே ஒரு நிலையில் காட்டி, நாளுக்கு ஒரு வினாடிதான் என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. அந்த ஒரு எண்ணால் எதையும் தீர்மானிக்க முடியாது. எடுத்துக்காட்டாக இரண்டு கடிகாரங்களை எண்ணிப் பாருங்கள். ஐந்து நிலைகளில் வைத்துப் பார்த்தால் முதலாவது 8, 9, 8, 7, 8 வினாடி முந்துகிறது. சராசரி 8. இரண்டாவது 12, 9 என்று முந்தி, மற்ற மூன்று நிலைகளில் 6, 8, 2 என்று பிந்துகிறது. சராசரி வெறும் 1. சராசரியை மட்டும் பார்ப்பவர் இரண்டாவதை வாங்குவார். கியூ ஆய்வாளர் முதலாவதையே தேர்ந்தெடுப்பார். காரணம், முதலாவதன் பிழையை ஒரு கைதேர்ந்த ரிப்பேர்காரர் சில நிமிடத்தில் வேகத்தைத் திருத்தும் நெம்பைத் தொட்டுச் சரிசெய்துவிடுவார். இரண்டாவதில் சக்கரத்தின் எடைச் சமநிலையோ ஹேர்ஸ்பிரிங்கின் சுருளோ அச்சுமுனையோ கோளாறாக இருக்கிறது. அதைக் கழற்றிப் பூட்டித்தான் தீர்க்க வேண்டும்; சில நேரம் தீராது. அந்தக் கடிகாரம், நாள் முழுவதும் நீங்கள் எழுதிக்கொண்டிருந்தால் ஒரு நேரம் காட்டும், படுக்கை மேசையில் வைத்தால் இன்னொரு நேரம் காட்டும். சுவர்க்கடிகாரத்தை வேண்டுமென்றே ஐந்து நிமிடம் முன்னே வைத்திருக்கும் வீட்டில் யாரும் பள்ளிப் பேருந்தைத் தவறவிடுவதில்லை. ஒரு நாள் ஐந்து, மறுநாள் இரண்டு என்று மாறும் கடிகாரம்தான் ஆளைக் கெடுக்கும்.

இன்றைய சான்றிதழ்களில் பரவலானது சுவிட்சர்லாந்தின் காஸ்க் நிறுவனம் தருவது. 1973-இல் தொடங்கியது, ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இயந்திரங்களை ஒவ்வொன்றாகச் சோதிக்கிறது. 15 நாள், 5 நிலை, 8, 23, 38 பாகை என்று 3 வெப்பநிலை. கியூவின் பேரன் என்றே சொல்லலாம். சராசரி ஓட்டம் நாளுக்கு 4 வினாடி பிந்துவதற்கும் 6 வினாடி முந்துவதற்கும் இடையில் இருக்க வேண்டும் என்ற ஒரு விதியைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையில் விதிகள் ஏழு. மற்ற ஆறும் பெரும்பாலும் மாறாமையைப் பற்றியவை. அவற்றின் எண்கள் வாங்குபவருக்கு அநேகமாகத் தெரிவிக்கப்படுவதில்லை. சோதிக்கப்படுவதும் கூட்டில் பூட்டாத இயந்திரம்தான். இந்தக் குறையை உணர்ந்தே, சுவிஸ் அரசின் அளவியல் நிறுவனமான மெட்டாஸ் 2015 முதல் கூட்டில் பூட்டிய முழுக் கடிகாரத்தை 15,000 காஸ் காந்தப்புலத்தில் வைத்துச் சோதிக்கிறது. முதலில் ஒமேகா அதற்கு உட்பட்டது, பிறகு டியூடர். இவை நல்ல முன்னேற்றம். ஆனாலும் விலை ஏணியின் உச்சியில் இருக்கும் பல கடிகாரங்களுக்கு, செய்தவரே தரும் முத்திரைதான் முத்திரை.

அழகுக்குக் கொடுக்கிறோம் என்பவர்களுக்கு

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். வினாடிக்காக யாரும் உயர்ரகக் கடிகாரம் வாங்குவதில்லை. கைவேலையின் அழகுக்காக வாங்குகிறார்கள். தட்டின் விளிம்பைக் கையால் சாய்த்து மெருகேற்றுவதற்குப் பல நாள் ஆகும். அந்த உழைப்புக்கு விலை உண்டு. இதில் நமக்கு மறுப்பில்லை. சிற்பத்தைக் கலையாக வாங்குபவர் அதைக் கலை என்று சொல்லியே வாங்குகிறார். சிக்கல், அழகு துல்லியத்தின் பெயரில் விற்கப்படும்போது வருகிறது. டூர்பியான் அதற்குச் சரியான சான்று. பாரிஸில் பிரெகே 1801-இல் உரிமம் பெற்ற அமைப்பு அது. சட்டைப்பையில் நாள் முழுக்கச் செங்குத்தாகத் தொங்கும் கடிகாரத்தில், பேலன்ஸ் சக்கரத்தையும் எஸ்கேப்மென்டையும் ஒரு கூண்டில் வைத்துச் சுழற்றினால், ஈர்ப்பு விசையால் வரும் நிலைப்பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்யும் என்பது தத்துவம். கை எப்போதும் அசையும் என்பதால் மணிக்கட்டில் அந்தத் தேவை வெகுவாகக் குறைந்துவிடுகிறது. விலையோ பல மடங்கு கூடிவிடுகிறது. கண்ணுக்கு அது விருந்து. ஓட்டம் மேம்பட்டதா என்பதை ஐந்து நிலை எண்களைப் பார்த்தே சொல்ல முடியும்.

கியூவின் வரலாறு இதற்கு ஒரு மாற்று வழியையும் காட்டுகிறது. டென்மார்க்கில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய பானே போனிக்சன், 1892-இல் காருசல் என்ற எளிய சுழல் அமைப்புக்கு உரிமம் பெற்றார். டூர்பியானைவிட மெதுவாகச் சுழலும், செய்வதும் எளிது. அதைப் பொருத்திய ஆங்கிலக் கடிகாரங்கள் கியூ தேர்வில் உயர்ந்த மதிப்பெண்களை அள்ளின. எது பெருமைக்குரிய அமைப்பு என்று ஆய்வாளர்கள் கேட்கவில்லை. எதில் பிழை மாறவில்லை என்று கேட்டார்கள். அதனால் விலை குறைந்த வழி வெற்றிபெற முடிந்தது. தேர்வு இல்லாத சந்தையில் அப்படிப்பட்ட வழிக்கு வாய்ப்பு கிடைக்காது. பார்வைக்கு ஆடம்பரமானதே உயர்ந்தது என்றாகிவிடும்.

மெருகு எல்லாமே அலங்காரம் என்று சொல்வதும் தவறு. அச்சுமுனையின் மெருகு உராய்வைக் குறைக்கிறது. பற்களின் மெருகு விசையைச் சீராகக் கடத்துகிறது. எந்த மெருகு இயந்திரத்துக்கு, எந்த மெருகு கண்ணுக்கு என்று பிரித்துக்காட்டும் சக்தி சோதனை எண்களுக்கு மட்டுமே உண்டு. அழகை நேசிப்பவருக்கும் அதனால் நன்மைதான்.

பதினைந்து நாளில் தெரியாதது

இன்னொரு மறுப்பு கூர்மையானது. வானாய்வகப் போட்டிகளுக்குப் போன கடிகாரங்கள் கடையில் விற்றவை அல்ல. தனித் திறமையாளர்கள் மாதக்கணக்கில் சீராக்கிய மாதிரிகள். ஆகவே அந்த மதிப்பெண்கள் சாதாரண வாங்குபவருக்கு எதையும் சொல்லவில்லை. இது பெருமளவு உண்மை. அதற்குப் பதில் தேர்வையே கைவிடுவதல்ல. விற்கும் ஒவ்வொன்றையும் தேர்வுக்கு உட்படுத்துவது. காஸ்க் லட்சக்கணக்கில் அதைத்தான் செய்கிறது. செலவு தாங்காது என்ற வாதமும் அதனால் அடிபட்டுப் போகிறது. சில லட்ச ரூபாய்க் கடிகாரத்துக்கு முடிவது, ஒரு கோடி ரூபாய்க் கடிகாரத்துக்கு முடியாமல் போகாது.

உண்மையான குறை கால அளவில் இருக்கிறது. சான்றிதழ் 15 நாள் ஓட்டத்துக்கு. கடிகாரமோ சர்வீஸுக்குப் போகாமல் பல ஆண்டு ஓட வேண்டும். இந்த இடைவெளியில் எதிரி எண்ணெய். 1755 வாக்கில் லண்டனின் தாமஸ் மட்ஜ் கண்டுபிடித்த லீவர் எஸ்கேப்மென்ட்தான் இன்றும் பெரும்பாலான மெக்கானிக்கல் கடிகாரங்களின் இதயம். அதில் பல்லும் கல்லும் உரசிச் சறுக்குகின்றன. அந்த இடத்துக்கு எண்ணெய் வேண்டும். எண்ணெய் காயும், கெட்டியாகும், வீச்சு குறையும், ஓட்டம் மாறும். 1926-இல் பிறந்து லண்டனில் வளர்ந்த ஜார்ஜ் டேனியல்ஸ் இந்த வேரையே குறிவைத்தார். ஒரு கடிகாரத்தின் அத்தனை பாகங்களையும் தம் கையாலேயே செய்த அந்த மேதை, உரசிச் சறுக்குவதைக் குறைத்துத் தள்ளிவிடும் கோ-ஆக்சியல் எஸ்கேப்மென்டை 1970-களில் உருவாக்கினார். சுவிஸ் நிறுவனங்களின் கதவுகளைப் பல ஆண்டு தட்டினார். 1999-இல்தான் ஒமேகா அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பல ஆண்டுச் சீர்மையை அளக்கும் பொதுத் தேர்வு ஒன்று இருந்திருந்தால், அவருடைய வாதத்தை எண்களே பேசியிருக்கும்.

நீண்ட காலச் சோதனையின் வலிமைக்கு லண்டனிலேயே ஒரு நிரூபணம் இருக்கிறது. ஒரு பெண்டுலக் கடிகாரத்தை நூறு நாளில் ஒரு வினாடிக்குள் ஓடவைக்க முடியும் என்று முதுமையில் ஹாரிசன் எழுதினார். அவர் காலத்தவர் அதைக் கேலி செய்தார்கள். அவருடைய கொள்கைப்படி மார்ட்டின் பர்ஜஸ் என்ற கைவினைஞர் தொடங்கி, லண்டனின் சார்ல்ஸ் ஃப்ராட்ஷாம் நிறுவனத்தில் முடிக்கப்பட்ட 'கிளாக் பி', கிரீனிச்சில் கண்ணாடிபோன்ற பெட்டிக்குள் முத்திரையிட்டு வைக்கப்பட்டது. கடிகாரக் கைவினைஞர் சங்கமும் தேசிய இயற்பியல் ஆய்வகமும் சாட்சி. நூறு நாள் முடிந்து 2015-இல் பார்த்தபோது பிழை ஒரு வினாடியின் எட்டில் ஐந்து பங்கு. வாதத்தால் இரு நூற்றாண்டுக்கு மேல் தீராத வழக்கை நூறு நாள் சோதனை தீர்த்துவைத்தது.

சென்னைக்கும் இதில் பங்குண்டு
• கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை வானாய்வகம் 1792-இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்தது. இந்தியாவில் நில அளவைக்கும் தீர்க்கரேகைக் கணிப்புக்கும் அது அடித்தளம்.
• அங்கே பயன்பட்ட, லண்டன் கைவினைஞர் ஜான் ஷெல்டன் செய்த வானியல் கடிகாரம் கொடைக்கானல் வானாய்வகத்தில் பேணப்பட்டு இன்னும் ஓடுகிறது.
• 1906 ஜனவரி 1-இல் இந்தியச் சீர்நேரம் வரும் முன், இந்திய ரயில்கள் சென்னை நேரத்தில் ஓடின.
• பெங்களூரில் எச்எம்டி 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் துணையோடு கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. தமிழ்நாடு அரசின் டிட்கோவும் டாடாவும் சேர்ந்து 1984-இல் உருவாக்கிய டைட்டனின் ஆலை ஓசூரில் எழுந்தது.

செல்போன் இருக்கும்போது எதற்கு?

மிகப் பெரிய மறுப்பு இதுதான். சில நூறு ரூபாய்க் குவார்ட்ஸ் கடிகாரம் மாதத்துக்கு 15 வினாடிதான் தவறுகிறது. டெடிங்டனில் 1955-இல் லூயி எஸ்ஸன் இயக்கிய சீசியம் கடிகாரம் இயந்திரக் கடிகாரங்களின் வரலாற்றையே பழங்கதையாக்கிவிட்டது. செல்போன் அணுக்கடிகார நேரத்தைக் காட்டும் உலகில், சக்கரமும் சுருளும் கொண்ட இயந்திரத்தின் சீர்மையை அளந்து என்ன ஆகப்போகிறது? இதற்கு நேரான பதில் உண்டு. குதிரையை வாங்குபவர் காரோடு ஒப்பிட்டு வாங்குவதில்லை. அதே நேரம் நொண்டிக் குதிரைக்குப் பந்தயக் குதிரையின் விலையும் கொடுப்பதில்லை. மெக்கானிக்கல் கடிகாரத்தின் பெருமையே, பேட்டரியும் சிப்பும் இல்லாமல், இவ்வளவு சிறிய இடத்தில், இவ்வளவு சீராக ஓடுவதுதான். விற்பவர் தாமே அந்தப் பெருமையைச் சொல்லி விலை கேட்கிறார். சொன்ன பெருமையைச் சோதிக்கக் கேட்பது வாங்குபவரின் உரிமை.

சோதனைக்கூடம் வேறு, மணிக்கட்டு வேறு என்றும் சொல்வார்கள். உண்மை. உடல் வெப்பம், நடை, இரவில் வைக்கும் விதம் ஆளுக்கு ஆள் மாறும். அதனால்தான் தரப்படுத்தப்பட்ட சோதனை வேண்டும். எல்லா நிலையிலும், எல்லா வெப்பத்திலும் மாறாத இயந்திரம் எவர் மணிக்கட்டிலும் மாறாது. ஒரு நிலையில் மட்டும் நன்றாக ஓடுவது எந்த மணிக்கட்டுக்குப் பொருந்தும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

விளைவு யார் தலையில்?

இந்த எண்கள் இல்லாத சந்தையில் இழப்பு வாங்குபவருக்கே. லண்டனில் பயன்படுத்திய கடிகாரச் சந்தை பெருகிவிட்டது. கடிகாரம் முதலீடு என்ற பேச்சு சென்னை வரை வந்துவிட்டது. பழைய கடிகாரத்தின் கூட்டைப் பளபளப்பாக்குவது எளிது. தேய்ந்த அச்சுமுனையை வெளியிலிருந்து பார்க்க முடியாது. வாங்கிய சில மாதத்தில் வீச்சு விழுந்து, முழு சர்வீஸுக்குப் போனால் லண்டனில் பல நூறு பவுண்டு பில் வரும். நல்ல இயந்திரம் செய்யும் சிறு நிறுவனத்துக்கும் இழப்புதான். தன் திறமையைக் காட்ட ஒரு பொதுக்களம் இல்லாததால், விளம்பரத்துக்குக் காசுள்ளவரிடம் அது தோற்கிறது. 1914-இல் ஒரு சிறு நிறுவனத்துக்கு லண்டன் கொடுத்த வாய்ப்பை 21-ஆம் நூற்றாண்டின் புதியவருக்கும் கொடுக்க வேண்டும். அதற்கு வேண்டிய அறிவும் கருவியும் டெடிங்டனில் இருக்கின்றன, கிரீனிச்சில் இருக்கின்றன. 1858-இல் தொடங்கிய பிரிட்டிஷ் கடிகாரவியல் நிறுவனத்திலும் இருக்கின்றன. கியூ மதிப்பெண்ணை இக்காலத்துக்கு ஏற்ப, காந்தத்தையும் அதிர்ச்சியையும் நீண்ட காலத்தையும் சேர்த்து மீட்டெடுப்பது சாத்தியமான வேலை.

அதுவரை வாங்குபவர் கையில் ஆயுதம் இல்லாமல் இல்லை. பிரிட்டனின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வணிகர் விற்கும் பொருள் அவர் சொன்ன வருணனைக்குப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம். இந்தியாவில் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சொன்னது என்ன என்பது எழுத்தில் இருந்தால்தான் இவை உதவும். ஆகவே கடையில் கூட்டின் பளபளப்பைப் பார்த்த பிறகு, மூன்று கேள்விகளைக் கேட்டு, பதிலை எழுதி வாங்குங்கள். ஐந்து நிலைகளில் இந்தக் கடிகாரத்தின் ஓட்டமும் வீச்சும் என்ன? முழுச் சாவி கொடுத்தபோதும் 24 மணி நேரம் கழித்தும் எடுத்த எண்கள் எங்கே? சோதித்தவர் யார், அவர் உங்கள் நிறுவனத்தைச் சேராதவரா? எண்களைத் தரத் தயங்கும் கடையில், எவ்வளவு பெரிய பெயர் பலகையில் இருந்தாலும், பணத்தை எடுக்காதீர்கள்.